ரொட்டவேட்டரில் புல் எடுக்க இறங்கும்போது இன்ஜினை அணைக்கணுமா?

அண்ணே, பேட்டரி வீக், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதென்று டிராக்டர் இன்ஜினை ஓடவிட்டே இறங்கி, ரொட்டவேட்டரில் (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கத்திக் கருவி) சுற்றிய புல்லை அறுப்பதாக எழுதியிருக்கீங்க. அதை மட்டும் செய்யாதீங்க. பிடிஓ, அதாவது ரொட்டவேட்டரைச் சுற்றவைக்கும் இன்ஜின் தண்டு, 540 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 540 சுற்று) என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனி சிக்கினால் கத்தக்கூட நேரமிருக்காது. பிடிஓ லீவர் நியூட்ரலில் இருக்கு என்பதையும் நம்பாதீங்க, சில வண்டிகளில் அந்தத் தண்டு மெல்லச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்க. தூக்கி வைத்துத்தான் எடுக்கணும் என்றால் அடியில் கட்டை முட்டுக் கொடுங்க. டர்போ வண்டியா? அணைக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் விடுங்க, போதும்.

பேட்டரி மாற்றும் முன் டெர்மினலில் உப்புப் பூத்ததைச் சுடுதண்ணீரில் கழுவி, எர்த் ஒயரை இறுக்கிப் பாருங்க. என் வண்டியில் கோளாறு அங்கேதான் இருந்தது.