பையனை யார் படிக்கச் சொல்வது?

கேள்வி: ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட்டில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் நன்றாகப் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு மகன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. 'பொம்பளைப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம்' என்கிறார் என் கணவர். உண்மையா டீச்சர்?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: இயல்பு இல்லை அம்மா, எல்லாம் நாம் வளர்க்கும் விதம். 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம் தேர்ச்சி. ஆனால் உங்கள் வீட்டையே பாருங்கள். பள்ளி விட்டதும் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மகளை விடுவீர்களா? பாத்திரம் துலக்கி முடித்தால் அவளுக்கு மிச்சம் புத்தகம்தான். மார்க் குறைந்தால் ஜாதகத்தைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. என் வகுப்பில் நன்றாகப் படித்த பெண்களில் பலர் அந்தப் பயத்தில் படித்தவர்கள். அதைப் பொறுப்பு என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பள்ளியிலும் இதே கதைதான். வகுப்பைப் பெருக்கப் பெண்கள், பெஞ்சு தூக்கப் பையன்கள். பி.டி. பீரியடில் மைதானம் முழுக்கக் கிரிக்கெட் நடக்கும். பெண்கள் ஓரமாக வளையம் வீசுவார்கள். வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். கழிப்பறை சரியில்லாததால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் தலைவலியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பையன் படும் பாடு வேறு. அடி அவனுக்குத்தான். அழுதால் 'பொம்பளை மாதிரி அழாதே' என்பார்கள். கணக்கு புரியவில்லை என்று எழுந்து கேட்பது அவனுக்கு மானப் பிரச்சினை. பேசாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவான். 'ஆம்பளைப் பிள்ளை எப்படியும் பிழைச்சுக்குவான்' என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம். லீவில் கேட்டரிங் வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்தவனைத் திரும்பப் பள்ளியில் உட்கார வைப்பது லேசில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அதேபோல 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தபோது நான் மனதார வரவேற்றேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பாத்திரத்தில் பாதியை மகன் துலக்கட்டும். மகள் சாயங்காலம் சைக்கிளில் தோழி வீட்டுக்குப் போய்வரட்டும். மகனுக்கு எந்த வகுப்பில் கணக்கு விட்டுப்போனது என்று கோபப்படாமல் கேளுங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். சொல்லிக்கொடுக்க அக்காவைக் கூப்பிடாதீர்கள். அது அவளுக்கு இன்னொரு வீட்டு வேலை. உங்கள் வீட்டுக்காரரே பக்கத்தில் உட்காரட்டும்.