காய்ச்சல் எந்த ஊரிலிருந்து வந்தது?

அம்பாசமுத்திரம் வாசகிக்கு: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி குழந்தைகளைப் பற்றியது. வயல் கொசு கடித்துத் தடித்த கைகால், இளையவனின் மூக்கொழுகல், மூளை மலேரியா பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, முன்கூட்டியே குளோரோகுயின் என்னும் மலேரியா மாத்திரையைக் கொடுக்கலாமா என்ற கேள்வி. என்னை நிமிர்ந்து உட்கார வைத்ததோ, கடைசியில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிக் கடந்த சேதி: சத்தீஸ்கரின் பஸ்தரில் சாலைப் பணிக்குப் பொக்லைன் ஓட்டும் உங்கள் கணவர் ஆடி அமாவாசைக்கு ஊர் வந்து பத்து நாளாகிறது, இருமுறை உடல் தூக்கிப்போடும் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, மருந்துக்கடை மாத்திரையில் வியர்த்து இறங்கிவிட்டது. அன்றே அவரை மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

மலேரியா நாடு முழுவதும் ஒரே முகத்தோடு வருவதில்லை. சென்னையில் அதைப் பரப்பும் கொசு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகுவதால் அதற்கு மழைகூடத் தேவையில்லை. அங்கே பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் என்னும் வகை. வறண்ட மேற்கு ராஜஸ்தானில் வழக்கத்துக்கு மீறிய மழை பெய்த 1994இல் மலேரியா கொள்ளைநோயாகவே கிளம்பியது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் மாநிலங்களின் காட்டு மலைகளிலோ உயிரைக் குடிக்கக்கூடிய ஃபால்சிபேரம் என்னும் இன்னொரு வகை மிகுதி. தென்மேற்குப் பருவமழையோடு ஏறி, மழை ஓய்ந்த பிறகும் சில மாதங்கள் நீடிக்கும். அந்த மழை நமக்குச் சாரலாக மட்டுமே வருகிறது. நம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போதும் காய்ச்சல் என்றால், 2012இல் கடையநல்லூர் பட்ட பாட்டுக்குப் பிறகு, மருத்துவர்களான எங்களுக்கு முதலில் தோன்றுவது டெங்குதான். ஆகவே ஆடி மாதத்தில் நடுங்கிக்கொண்டு வருபவரைப் பார்த்து இங்கே யாருக்கும் மலேரியா நினைவு வராது. ஆனால் உங்கள் கணவரின் உடம்பில் ஓடிக்கொண்டிருப்பது பஸ்தரின் பருவம்.

நானே ஒருமுறை தவறியவன். பல ஆண்டுகளுக்கு முன், கண் மஞ்சளித்து வந்த ஓர் இளைஞனை எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்காமல் இரண்டு நாள் மஞ்சள்காமாலை என்றே பார்த்தேன். ஆய்வகத்தில் இருந்தவர் கண்ணாடித் தகட்டைக் காட்டியபோது பிறைபிறையாக ஃபால்சிபேரம் கிருமிகள் தெரிந்தன.

ஃபால்சிபேரம் பெரும்பாலும் கொசு கடித்த 9 முதல் 14 நாளில் வெளிப்படும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறைக்காய்ச்சல் கணக்கை அது மதிப்பதில்லை. மாத்திரையில் இறங்குவது சூடுதானே தவிரக் கிருமியன்று. சோர்ந்து தூங்கி வழிதல், பேச்சுக் குழறல், வலிப்பு, மூச்சுத்திணறல், கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் பார்க்க வேண்டும். வைவாக்ஸாக இருந்தால் கிருமி கல்லீரலில் பதுங்கிப் பல மாதம் கழித்தும் திரும்பும். அதற்கான பிரைமாகுயினை மருத்துவர் சொன்ன 14 நாளும் விழுங்க வேண்டும், நான்காம் நாள் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்துவது நம் ஊர் வழக்கம்.

குழந்தைகளுக்கு வருவோம். மூக்கொழுகல் சளி. தடிப்பு வெறும் கொசுக்கடி. அப்பாவின் தட்டில் சாப்பிட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ மலேரியா தொற்றாது. அவரைக் கடித்த, மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசுவின் வயிற்றில் கிருமி முதிரவே பத்து நாளுக்கு மேலாகும். சிகிச்சை முடியும்வரை கொசுவலைக்குள் படுக்க வேண்டியவர் அவர்தான். குளோரோகுயினை அலமாரியிலிருந்தே அப்புறப்படுத்துங்கள்; ஃபால்சிபேரத்திடம் அது செல்லாக்காசு, பிள்ளைகளுக்கோ அளவு மீறினால் நஞ்சு. நிலவேம்புக் கஷாயம் குடிப்பதானால் குடியுங்கள், ரத்தம் எடுத்த பிறகு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசில்லை. உள்ளே நுழைந்ததும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதற்கு முன்னால், அவர் எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் வந்தார் என்பதைச் சொல்லுங்கள்.