வேலைத்தலத்தில் பெரிய வெட்டுக்காயம்: வாகனம் வர முதல் என்ன செய்வது?

"வேலை இடத்தில் ஒருவருக்குப் பெரிய காயம் பட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள். வாகனம் பிடிப்பதை இன்னொருவரிடம் விடுங்கள். எங்கள் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

நான் திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறேன். முன்பு இருந்த கம்பனியில் முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள், அதனால் கொஞ்சம் தெரியும். சீனக்குடாவில் உள்ள பெரிய ஆலைகளில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். பட்டறை, மரக்காலை, போட் கட்டுகிற இடம், வீடு கட்டுகிற இடம் போன்றவற்றில் யாரும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர்தான் எல்லாம்.

எங்களிடம் நடந்தது கிரைண்டர் விபத்து. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்த பொடியன், மற்ற எல்லோரையும் போல டிஸ்க்கை மறைக்கிற காப்பு மூடியை (guard) கழற்றி வைத்துவிட்டு இரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். டிஸ்க் இறுகிப் பிடித்ததும் மெஷின் எகிறித் தொடையின் உட்பக்கத்தைக் கிழித்துவிட்டது. இரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. ஓடி வந்தவர்கள் உடனே அவனைத் தூக்கினார்கள். "ஓட்டோவில போடுங்கோ, ஜெனரலுக்குப் பத்து நிமிஷம்!"

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீட்டர் இரத்தம்தான் இருக்கிறது. தொடையில் ஓடும் பெரிய நாடி வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஓட்டோவின் பின்சீற்றில் மடக்கி வைத்துக்கொண்டு காயத்தை ஒழுங்காக அமத்தவும் முடியாது.

அவனைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னேன். கிடைத்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும், முழங்கை மடியாமல், உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அமத்த வேண்டும். தொட்டுப் பிடிப்பது அமத்துவது ஆகாது. நின்றுவிட்டதா என்று இடையில் துணியைத் தூக்கிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் உறைந்து வருகிற இரத்தம் உடைந்து மறுபடி தொடங்கும். கையுறை இல்லையென்றால் சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

கூடி நிற்கிறவர்களில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "நீ 1990க்கு அடி" என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் எல்லோரும் மற்றவர் அடிப்பார் என்று நிற்பார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. இடம் சொல்லும்போது கோயில், பள்ளிவாசல், சந்தி என்று அடையாளம் சொல்லி, ஒருவரை றோட்டுக்கு அனுப்பி மறிக்கச் சொல்லுங்கள். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் தூரமாக இருந்தாலும் முதலில் கேட்டுப் பாருங்கள். வண்டி வரப் பிந்துமென்றால் சொந்த வாகனத்தில் போகலாம், ஆனால் படுக்க வைத்து, அமத்திய கையை எடுக்காமல். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் காயக்காரரோடு பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை ஏற்றுகிற மிதவைக்கு, காத்து நின்ற கதைகளை அங்கே உள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

எங்கள் பொடியனுக்கு அமத்தியும் நிற்கவில்லை. அப்போதுதான் இரத்த ஓட்டத்தையே மறிக்கிற இறுக்கமான கட்டு. கை, கால் காயத்துக்கு மட்டும், அதுவும் அமத்தி நிற்காத இரத்தத்துக்கு மட்டும்தான் இது. காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக 5 முதல் 7 சென்ரிமீற்றர் தள்ளி, மூட்டில் படாமல் கட்ட வேண்டும். துணி குறைந்தது இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும். கட்டுக்கம்பி, நைலோன் கயிறு, கேபிள் டை எல்லாம் பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அவற்றைத் தொடாதீர்கள், தசையை அறுத்துவிடும். நாங்கள் முக்கோணக் கட்டுத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதற்குள் ஒரு ஸ்பானரைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்கினோம். அவன் அலறினான். நன்றாக நோகும், அதற்காக விடக்கூடாது. கட்டிய நேரத்தை மார்க்கரால் அவனது கையிலேயே எழுதினோம்.

அங்கே நின்ற ஒரு வயதான பாஸ், "இடைக்கிடை தளர்த்தி விடோணும் தம்பி, இல்லாட்டிக் கால் அழுகிடும்" என்றார். பழைய பாடம் அது. தளர்த்தினால் போவது இரத்தம்தான். கட்டினால் அவிழ்ப்பது ஆஸ்பத்திரியில்தான். "அண்ணே, கால எடுத்துருவாங்களா?" என்று பொடியன் கேட்டான். சத்திரசிகிச்சைகளிலேயே ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் காலை இப்படி இறுக்கி வைத்துத்தான் வேலை செய்கிறார்கள் என்று சொன்னேன். கால் தப்பியது, இப்போது நடக்கிறான்.

காத்திருக்கும்போது உடம்பைப் போர்த்தி வையுங்கள். எங்கள் வெயிலில் இது விசராகத் தோன்றும், ஆனால் இரத்தம் போன உடம்பு குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் இரத்தம் ஒழுங்காக உறையாது. தண்ணீர், சோடா, பிளேன்ரீ எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். போனதும் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல் இவற்றைக் காயத்தில் அப்புகிற பழக்கத்தைப் பற்றி என்ன சொல்ல! டொக்டருக்குக் கழுவுகிற வேலைதான் கூடும்.

விரல் துண்டாகிப் போனால், மரக்காலைகளில் நடப்பதுதான், முதலில் ஆளின் கையை அமத்துங்கள். பிறகு விரலைத் தேடுங்கள். திருகோணமலையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, சிக்கலும் அங்கேதான். மீனைப் போல விரலை நேரே ஐஸுக்குள் புதைத்துவிடுகிறார்கள். ஐஸ் நேரே பட்டால் தசை செத்துவிடும், பிறகு பொருத்த முடியாது. சேலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் போகாத பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். பெட்டி ஆளோடு ஒரே வாகனத்தில் போக வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. கம்பி குத்தி உள்ளே நின்றால் இழுக்காதீர்கள், அசையாமல் சுற்றிவர அணை கொடுத்து அப்படியே அனுப்புங்கள். மேலேயிருந்து விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தி இருத்தாதீர்கள். கரண்ட் பிடித்தால் ஆளைத் தொட முதல் மெயின் சுவிச்சை அணையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமத்துங்கள். பைபர் போட் செய்கிற இடத்தில் ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

முதலுதவிப் பெட்டி 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது. சின்னப் பட்டறைகளில் திறந்து பார்த்தால் காய்ந்த பிளாஸ்ரரும் பஞ்சும்தான். அகலமான பண்டேஜ், முக்கோணத் துணி, கையுறை, கத்தரிக்கோல், சேலைன் இவ்வளவும் வாங்க ஒரு கிரைண்டரின் விலைகூட வராது.

இன்னொன்று, இதை யாரும் முதலுதவியில் சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி காதுக்குள் "வீட்டில நடந்ததெண்டு சொல்லுங்கோ, செலவ நான் பாக்கிறன்" என்பார். எங்களிடமும் நடந்தது. கேட்காதீர்கள். கட்டுப் போட்ட நேரத்தையும், வேலைக்குள் கிரைண்டர் வெட்டியது என்பதையும் நர்ஸிடமும் ஆஸ்பத்திரிப் பொலிஸிடமும் உள்ளபடி சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கப் போனால், வேலையின்போது பட்ட காயம் என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டிவரும். நாட்கூலிக்காரரிடம் சம்பளச் சிட்டையோ நியமனக் கடிதமோ இருக்காது, ஆஸ்பத்திரியில் எழுதியதுதான் கையில் மிஞ்சும். வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டையும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் போட்டோக் கொப்பி எடுத்து, கொப்பியை மட்டும் முதலாளியிடம் கொடுங்கள்.