ஊட்டச்சத்து ஆய்வில் பிஎச்டி: கேளுங்கள், சொல்கிறேன்

கே: அக்கா, கோலாலம்பூரில் ஊட்டச்சத்து டிகிரி முடிக்கப்போறேன். பிஎச்டிக்கு நல்ல தலைப்பு சொல்லுங்களேன். (செந்தூல்)

ப: தலைப்பை விடுங்க தம்பி, ஆளைப் பாருங்க. அந்த மேற்பார்வையாளரிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப்பிடித்து, எத்தனை வருடம் இழுத்தது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது என்று கேளுங்க. பாதியில் விட்டவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கே: பிஎச்டி முடித்தால் டயட்டீஷியன் என்று போர்டு போடலாமா? (பிறை)

ப: கூடாது. அது மலேசியாவில் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டத்தின்கீழ் வரும் தொழில். அதற்கான டிகிரி, மருத்துவமனைப் பயிற்சி, பதிவு எல்லாம் தனி.

கே: வீடு கெலுகோர். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நடக்கிற தூரம்தானே? (பினாங்கு)

ப: மெயின் கேம்பஸ்தான் அங்கே. ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் பாடங்கள் இருப்பது கிளந்தானில், குபாங் கெரியானில்.

கே: நான் பயோகெமிஸ்ட்ரி. முதல் வருடம் எதைக் கற்றுக்கொள்வது? (ஜெலுத்தோங்)

ப: இது கேள்வி! அளக்கக் கற்றுக்கொள்ளும்மா. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் அதிலுள்ள அணுக்களே குளுக்கோஸைத் தின்னும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் புளோரைடும் அதை உடனே நிறுத்தாது. ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவின் ரத்தம் காலையிலேயே லேபுக்குப் போய், மற்றதன் ரத்தம் மதியம்வரை காத்திருந்தால், உணவின் பலன் என்று நீ எழுதுவது அந்தத் தாமதமாக இருக்கலாம்.

மூச்சை அளப்பதும் அப்படித்தான். வெளிவிடும் கரியமில வாயுவை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்தால், 1ஐ ஒட்டி வந்தால் மாவுச்சத்து எரிகிறது, 0.7ஐ ஒட்டி வந்தால் கொழுப்பு. வந்தவர் படபடப்பில் வேகமாக மூச்சு விட்டாலே எண் ஏறிவிடும். பசியாறாமல் வரச்சொல்லி, முதலில் படுக்க வை. ஒன்று மறக்காதே: முதல் ஊசி குத்துமுன் புள்ளியியல் தெரிந்தவரைப் பார்த்துவிடு.

கே: அப்பாவுக்கு இனிப்பு நீர். கேழ்வரகில் குறைஞ்சிடுச்சு. இதுக்கு எதுக்கு பிஎச்டி? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: அதே மாதம் தே தாரேக்கையும் நிறுத்தினாரா?

கே: நிறுத்தினார். ஆனா கேழ்வரகுக்கு ஜிஐ, அதாவது ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அளவு, கம்மின்னு எல்லாரும் சொல்றாங்களே?

ப: எந்தக் கேழ்வரகுக்கு? நைசாக அரைத்துக் கூழாக்கினால் சர்க்கரை வேகமாக ஏறும். ஜிஐ 1981இல் டொரொண்டோவில் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. இப்போதைய முறைப்படி, நோயில்லாத 10 பேருக்காவது 50 கிராம் மாவுச்சத்துள்ள உணவு கொடுத்து, 2 மணி நேரம் ரத்தம் பார்ப்பார்கள். அப்பா அந்தப் பத்தில் சேரமாட்டார்.

கே: அப்போ ரொட்டி சானாய்? (செந்தூல்)

ப: வந்துட்டீங்களா! கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும், அதனால் ஜிஐ எண் குறைவாக வரலாம். அது நல்ல உணவு என்பதற்குச் சான்றிதழ் இல்லை.

கே: பாட்டிமார் சாப்பிட்டதெல்லாம் பொய்யா? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: பாட்டி பால்மரம் வெட்டினார், ஐயா. நாம் எல்ஆர்டியில் உட்கார்ந்து போகிறோம். 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாக நம்மவர்கள், இந்தியர்கள்தான் முதலிடம். இதுக்குத்தான் பிஎச்டி.

கே: நல்ல தலைப்பு ஒன்று… (கிள்ளான்)

ப: மேலே இருக்கிறது.

கே: 40 பேரிடம் ரத்தம் எடுத்தாச்சு. எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போடணும்? (பாயான் லெப்பாஸ்)

ப: தொண்டை கிழியச் சொன்னேனே! குழுக்களை எப்படிப் பிரித்தீர்கள்? அதை எழுதுங்க முதலில்.

கே: அரசாங்க மருத்துவமனையில் தரவு எடுக்க பல்கலைக்கழக அனுமதி போதுமா? (செராஸ்)

ப: போதாது. என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் எம்ரெக் என்ற ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கணும். புரொபோசல் முடிந்த கையோடு ஆரம்பிங்க.