ஆளுக்கொரு பதில் சொல்லும் வீட்டில் நாயைப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் பதினான்கு மாத ஆண் லாப்ரடார் இருக்கிறான். பெயர் புரூனோ. யார் வந்தாலும் மேலே தாவுகிறான். போன மாதம் என் மாமியார் மீது தாவி அவரைக் கீழே விழவைத்துவிட்டான். நடக்க அழைத்துப் போனால் தோள் கழன்றுவிடும்போல் இழுக்கிறான். நாங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று குரைக்கிறான். மொட்டை மாடியில் இருக்கும்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், வரமாட்டான். தெரிந்த பயிற்சியாளர் ஒருவர், "அவன் தன்னை வீட்டுக்குத் தலைவனாக நினைத்துக்கொண்டிருக்கிறான், மல்லாக்கத் தள்ளிக் கழுத்தைப் பிடித்து அழுத்துங்கள், நீங்கள் சாப்பிட்ட பிறகே அவனுக்குச் சாப்பாடு வையுங்கள்" என்கிறார். வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவனை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: புரூனோவை மல்லாக்கத் தள்ளி அழுத்த வேண்டாம். அடிக்க மனம் வராத உங்கள் குடும்பத்தின் இயல்பையே நம்புங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பழக்கங்களில் ஒன்றுகூட, வீட்டின் தலைமையைக் கைப்பற்ற ஒரு நாய் நடத்தும் போராட்டம் அல்ல. தாவினால் யாராவது தொடுகிறார்கள். இழுத்தால் நினைத்த இடத்துக்குப் போக முடிகிறது. சாப்பாட்டு நேரத்தில் குரைத்தால் எப்போதாவது ஏதாவது கிடைக்கிறது. கூப்பிட்டதும் வராமல் இருந்தால் மாடியில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்ற முடிகிறது. நான்கும் அவனுக்குப் பலன் தந்திருக்கின்றன, அதனால்தான் நிலைத்திருக்கின்றன.

பயிற்சியாளர் சொன்ன கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை ஒன்றையொன்று அடக்கி மேல்நிலையைப் பிடிக்கப் போராடுவதாக எழுதினார். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் 1970-இல் வெளியிட்ட நூலின் வழியாக அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. பயிற்சியாளர்கள் அதை அப்படியே எடுத்து வீட்டு நாய்க்குப் பொருத்தினார்கள். பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஆண்டுதோறும் கோடையில் காட்டு ஓநாய்களின் அருகிலிருந்து பார்த்த அதே மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்றும், அங்கே பெற்றோர் வழிநடத்துவது மற்றவற்றோடு சண்டையிட்டு வென்றதால் அல்ல என்றும் 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். கருத்தைப் பரப்பியவரே திருத்திவிட்ட பிறகும் நம் ஊர்ப் பயிற்சிக் களங்களில் அது இன்னும் நடமாடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவை நாய்களும் குழந்தைகளும்தான்.

விலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கல்களுக்காக அழைத்துவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினர், பதிலுக்கு நாய் சீறியது அல்லது கடிக்க வந்தது என்று தெரிவித்தார்கள். மல்லாக்கத் தள்ளி அழுத்தியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 31 சதவீதம். ஏற்கெனவே சிக்கல் இருந்த நாய்கள் அவை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் உங்கள் வீட்டில் கீழே விழுந்தால் எலும்பு முறியக்கூடிய வயதில் ஒருவரும், நாயின் முகத்துக்கு நேராக முகம் வைத்து விளையாடும் உயரத்தில் குழந்தைகளும் இருக்கும்போது, இவ்வளவு பெரிய ஆபத்தை வலிந்து வாங்கத் தேவையில்லை. அழுத்தப்பட்ட நாய் தலைமையைப் புரிந்துகொள்வதில்லை. மனிதக் கை அருகே வந்தால் அஞ்ச வேண்டும் என்பதை மட்டுமே கற்கிறது. நீங்கள் சாப்பிட்ட பிறகு அவனுக்கு வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

அப்படியானால் நாய்க்குத் தலைமை வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். எது செய்தால் எது கிடைக்கும் என்பதை நாய் முன்கூட்டியே அறிந்துகொள்ளும்படி நடப்பதே அந்தத் தலைமை. சாப்பாடு, வாசல் கதவு, வாக்கிங், பந்து, தடவிக்கொடுக்கும் கை என்று அவன் விரும்பும் அத்தனையும் உங்கள் வசம்தான் இருக்கின்றன. அவற்றை எதற்குத் தருகிறீர்கள், எதற்குத் தருவதில்லை என்பதில் வீடு முழுவதும் ஒரே மாதிரி இருந்தால், குரலை உயர்த்தாமலே அவனை வழிநடத்தலாம்.

இதில் பெரும்பாலான வீடுகள் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் அவரைத் தொடர்ந்தவர்களும் செய்த சோதனைகள், ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்து வந்த பழக்கம் பலன் நின்றதும் சீக்கிரம் மங்கிவிடுகிறது என்றும், எப்போதாவது ஒருமுறை மட்டும் பலன் கிடைத்து வந்த பழக்கமே மிகப் பிடிவாதமாக நீடிக்கிறது என்றும் காட்டின. லாட்டரிச் சீட்டு வாங்குபவர் தொடர்ந்து வாங்குவதற்குக் காரணமும் இதுதான். நீங்களும் உங்கள் கணவரும் சாப்பிடும்போது எதுவும் தருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் மேசைக்கடியில் வாரத்தில் இரண்டு நாள் தோசைத் துண்டு நீட்டுகிறார்கள், மாமனார் மனமிரங்கி ஒரு நாள் இட்லி போடுகிறார். "நாங்கள் பெரும்பாலும் கொடுப்பதே இல்லை" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அந்தப் "பெரும்பாலும்" என்ற இடைவெளிதான் புரூனோவை நாள் தவறாமல் குரைக்க வைக்கிறது. தினமும் கொடுப்பதைவிட அரிதாகக் கொடுப்பது அந்தப் பழக்கத்தை ஆழமாக ஊன்றுகிறது.

ஆகவே பயிற்சியை நாயிடம் தொடங்காமல் வீட்டாரிடம் தொடங்குங்கள். ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று பேசி முடிவெடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பகலில் அதிக நேரம் புரூனோவோடு இருப்பவர் ஒருவேளை அவராகத்தான் இருக்கும். சொற்களையும் ஒன்றாக்குங்கள். மாமியார் "கீழ இறங்கு" என்றும், உங்கள் கணவர் "டவுன்" என்றும், பிள்ளைகள் "நோ, நோ" என்றும் சொன்னால் அவனுக்கு மூன்றும் வெறும் சத்தம். உட்கார், இறங்கு, வா, விடு ஆகிய நான்கு சொற்கள் இப்போதைக்குப் போதும். தமிழோ ஆங்கிலமோ, எல்லோர் வாயிலும் அதே சொல் வர வேண்டும், ஒரு சொல்லை ஒரு செயலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஒருமுறை சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

விதிகள் உங்கள் வீட்டாரால் காப்பாற்ற முடிந்தவையாக இருக்கட்டும். மாமனாரால் கொடுக்காமல் இருக்கவே முடியாது என்றால் அவரோடு சண்டையிட வேண்டாம். சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகு, புரூனோ உட்கார்ந்திருந்தால், உப்பும் வெங்காயமும் சேராத ஒரு துண்டை அவனுடைய கிண்ணத்தில் அவர் வைக்கலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்குக் கிடைக்கும், மேசையருகே குரைப்பதற்குப் பலனும் இருக்காது. மீற முடியாத சின்ன விதி, நாலு நாளில் தளரும் பெரிய விதியைவிட எவ்வளவோ மேல்.

இனி தாவுவதற்கு வருகிறேன், ஏனென்றால் நான்கில் இதுதான் அவசரம். முழங்காலால் முட்டுவது, பாதத்தை மிதிப்பது, "டேய் இறங்குடா" என்று கைகளால் தள்ளுவது ஆகியவை தாவுவதை நிறுத்தப் போவதில்லை. தள்ளுவதும் கத்துவதும் ஒரு லாப்ரடாருக்கு விளையாட்டாகவே தெரியக்கூடும். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனம் கிடைக்க வேண்டும். தாவினால் பேசாமல், பார்க்காமல் உடம்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். கால் தரையைத் தொட்ட ஓரிரு நொடிக்குள் "உட்கார்" சொல்லி, உட்கார்ந்ததும் குனிந்து தடவிக்கொடுத்து ஒரு சிறு தின்பண்டம் தாருங்கள். அந்த நொடிகள் முக்கியம். தாமதித்துத் தந்தால் எதற்காகக் கிடைத்தது என்பது அவனுக்குப் புரியாது. பலன் நின்ற முதல் சில நாள்களில் அவன் முன்பைவிட அதிகமாகத் தாவக்கூடும். இது பயிற்சி தோற்றதன் அறிகுறி அல்ல, பழைய வழி வேலை செய்யவில்லையே என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும் கட்டம். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இளகிவிட்டால், பலமாகத் தாவினால்தான் கிடைக்கும் என்று கற்பித்தவர்களாகிவிடுவோம். மாமியார் வரையில், பயிற்சி உறுதிப்படும்வரை அவரை இந்தச் சோதனைக்கே உட்படுத்தாதீர்கள். அவர் நடமாடும்போதும் விருந்தினர் வரும்போதும் புரூனோ வாரில் (கையில் பிடிக்கும் பட்டையில்) இருக்கட்டும், அல்லது சமையலறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போன்ற ஒன்றுக்கு அப்பால் இருக்கட்டும்.

வாக்கிங்கில் இழுப்பதற்குக் கழுத்தை நெரிக்கும் சங்கிலியை வாங்காதீர்கள். அது மூச்சுக்குழாயையும் கழுத்தையும் காயப்படுத்தக்கூடும். நெஞ்சுப்பக்கம் வளையம் உள்ள ஹார்னஸும் (கழுத்தை விட்டு உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) சுமார் ஆறடி நீள வாரும் போதும். வார் இறுகியதும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூட எட்ட மாட்டீர்கள், அதற்கான நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு நாள் இழுக்கவிட்டு மறுநாள் நிறுத்துவது, மேசைக்கடியில் நீட்டிய அதே தோசைத் துண்டுதான். அவசரமான நாளில் வெளியே போகாமல் வீட்டிலேயே விளையாட வையுங்கள். வெயில் காலத்தில் புறங்கையைச் சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

கூப்பிட்டால் வராததற்கு, எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். குளிப்பாட்ட, கட்டிப்போட, மாடிக்கதவைச் சாத்த, திட்ட என்று அவன் விரும்பாதவற்றுக்கே "வா" என்று அழைத்திருந்தால், வராமல் இருப்பது அவன் கணக்கில் சரியான முடிவு. ஒரு நாளில் பலமுறை அழைத்து, வந்ததும் சுவையான ஒன்றைத் தந்து, திரும்பவும் விளையாட அனுப்பிவிடுங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு நீளக் கயிறு கட்டி மாடியில், அதன்பிறகே வெளியில். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த பிறகு திட்டக் கூடாது. (லாப்ரடாருக்கு இது அரிதாகவே பொருந்தும், ஆனால் வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. கூப்பிட்டால் வராத குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டும் முன் காதைச் சோதித்துவிடுங்கள்.)

தின்பண்டம் என்றால் கடலைப்பருப்பு அளவில் வேகவைத்த கோழித் துண்டு, முட்டை, பனீர், கேரட் எதுவானாலும் சரி; நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், லாப்ரடார் எளிதில் எடை கூடும் இனம். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. இதைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அவன் வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத வயதில் நாய்கள் பழகிய உரிமையாளரின் கட்டளையைக் குட்டியாக இருந்தபோது கேட்டதைவிடக் குறைவாகவே கேட்டன, வயது கூடியபின் தேறின. புரூனோ அந்தப் பருவத்தைக் கடந்துகொண்டிருக்கிறான். உடல் பெரும்பாலும் வளர்ந்துவிட்டது, நிதானம் இன்னும் வரவில்லை. சுடப்பட்ட பறவையைத் தேடி எடுத்து வர உருவாக்கப்பட்ட இனம் என்பதால், ஓடவும் மோப்பம் பிடிக்கவும் வாயில் எதையாவது தூக்கி வரவும் தினமும் வாய்ப்பு கிடைக்காவிட்டால், எந்தப் பயிற்சியும் பாதி வழியில் நிற்கும். பகல் முழுவதும் கட்டிவைத்துவிட்டு மாலையில் அடக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

உறுமல் கேட்டால் அதை அதட்டி அடக்காதீர்கள், அது அவன் தரும் எச்சரிக்கை; எச்சரிக்கையை அடக்கிய நாய் சொல்லாமல் கடிக்கும். உணவுக் கிண்ணத்தருகே உறுமினாலோ, குணம் திடீரென்று மாறினாலோ, தொட்டால் சிணுங்கினாலோ முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலி இருக்கக்கூடும். வெறிநோய்த் தடுப்பூசி நாள் தவறக் கூடாது.

வேறு பயிற்சியாளரைத் தேடுவதானால், நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டாவதற்கு அடி, சங்கிலி, மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். ஒரு மாதம் தங்கள் இடத்தில் வைத்துப் பழக்கித் தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே அவன் அவர்களுக்குக் கீழ்ப்படியக் கற்பான். திரும்பி வந்தபின் உங்கள் மேசையும் வாசலும் மாடியும் மாறாமல் இருந்தால், பழைய பழக்கங்களும் சில வாரங்களில் திரும்பிவிடும். வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் மாமனாரையும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுத்தருபவரைத் தேர்ந்தெடுங்கள்.