தெரியாத அரசியலையும் தெரிந்ததுபோல் மாணவர்கள் பேசுவது ஏன்?

இதை 'விளக்க மாயை' எனலாம். ஒன்றின் பெயரும் மேலோட்டமும் தெரிந்தவுடன், அது நடக்கும் விதமும் தெரியும் என்று மனம் நம்பிவிடுகிறது. ரோசன்பிளிட், கீல் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் இதைக் காட்டினார்கள். ஜிப் போன்ற சாதாரணப் பொருள் எப்படி இயங்குகிறது என்று விளக்கச் சொன்னதும், 'எனக்குத் தெரியும்' என்று தங்களுக்கே போட்ட மதிப்பெண்ணை மக்கள் குறைத்துக்கொண்டார்கள்.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் சட்டென்று சொல்வார்கள். சரி, குமரியின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் வந்தபோது, தமிழர் அதிகம் வாழ்ந்த, இன்று கேரளத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும். (அங்கிருந்த தமிழரில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று மாநில மறுசீரமைப்பு ஆணையம் கருதியது ஒரு முக்கியக் காரணம்.)

ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்கள் பால்வெட்டை, அதாவது பால் வடிய மரப்பட்டையைக் கீறுவதை, தினமும் பார்த்திருப்பார்கள். கத்தியைக் கையில் கொடுத்தால்தான் தெரியும்: ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. கைப்பேசியில் தினமும் பார்க்கும் அரசியலும் அப்படித்தான். பழக்கம், அறிவு போலவே தோன்றும். அப்புறம், நண்பர்கள் நடுவே 'தெரியாது' என்று சொல்லும் கூச்சம் வேறு.

இதனால் மாணவர்களுக்கு அரசியல் வேண்டாம் என்பது தவறு. இந்த மாயை எந்த வயதினருக்கும் உண்டு.