எம்சிஎஃப்-7 செல்களில் டாமாக்சிஃபென் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி, பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவருடையது. மார்பகப் புற்றுநோய்ச் செல்லான எம்சிஎஃப்-7-க்கு அதை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனான எஸ்ட்ரடயால் கொடுத்தும் வளர்ச்சி கூடவில்லை, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தான டாமாக்சிஃபென் கொடுத்தும் குறையவில்லை. மருந்து கெட்டுப்போயிற்றா என்கிறார்.

மருந்தைச் சந்தேகிக்கும் முன் மீடியத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, பாருங்கள். சிவப்பாக இருந்தால் அதில் ஃபீனால் ரெட் இருக்கிறது. அந்தச் சாயம் லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். மீடியத்தில் சேர்க்கும் கன்றுக்கருச் சீரத்திலோ அசல் ஈஸ்ட்ரோஜனே உண்டு. ஏற்கெனவே ஹார்மோன் கிடைத்து முழு வேகத்தில் பெருகும் செல்லுக்கு மேற்கொண்டு எஸ்ட்ரடயால் விட்டு என்ன பயன்? மீடியத்தில் இன்சுலின் வேறு சேர்த்திருந்தால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வளர அது வழிவிடும்.

ஆகவே முதல் வேலை செல்லைப் பட்டினி போடுவது. ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய சீரம் 5 சதவீதம், இன்சுலின் வேண்டாம். பழைய மீடியத்தை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவிவிட்டு மூன்று நாள் இதிலேயே வைத்து, பிறகு 96 குழித் தட்டில் குழிக்கு 3,000 செல் போடுங்கள். சீரத்தை நீங்களே கரித்தூள் போட்டு எடுக்கலாம்தான். ஆனால் ஒரு தடவைக்கு மறு தடவை மாறும், வாங்கிவிடுவதே மேல். புராஜெக்ட் முடியும்வரை ஒரே லாட் எண் உள்ள சீரம். ஆட்டோகிளேவ் செய்த பாலிகார்பனேட் குடுவை வேண்டாம். அதிலிருந்து இறங்கும் பிஸ்பீனால்-ஏ கூட ஈஸ்ட்ரோஜனாக நடிக்கும்.

எஸ்ட்ரடயால் 2.72 மி.கி.யை 10 மி.லி. அப்சல்யூட் எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, மீடியம் மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 1 நானோமோலார். அது போதும். நம்மூர் கோடையில் மூடி திறந்த எத்தனால் சீக்கிரம் ஆவியாகி ஸ்டாக்கின் செறிவு கூடிவிடும். ஐஸ் மேல் வைத்தே எடுங்கள்.

டாமாக்சிஃபென் உடம்புக்குள் கல்லீரலில் மாறித்தான் முழு வீரியம் பெறுகிறது. தட்டில் கல்லீரல் ஏது? 4-ஹைட்ராக்சிடாமாக்சிஃபென் வாங்குங்கள். 3.88 மி.கி., 10 மி.லி. எத்தனால், மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மைக்ரோமோலார். வெளிச்சம் படக்கூடாது. வேலை செய்யவில்லையே என்று அளவை 10 மைக்ரோமோலாருக்கு மேல் ஏற்றினால் செல் சாகும். ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே இல்லாத எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லையும் கொல்லும் வெறும் நச்சு.

குழிகள்: எத்தனால் மட்டும், எஸ்ட்ரடயால், மருந்து, இரண்டும் சேர்ந்தது. எல்லாவற்றிலும் எத்தனால் ஒரே அளவு, 0.2 சதவீதம். ஓரக் குழிகளில் பிபிஎஸ் மட்டும் நிரப்புங்கள், அவை சீக்கிரம் வற்றும். 24 மணி நேரத்தில் எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயத்தால் செல்லின் அளவை மதிப்பிடும் சோதனை) பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இந்தச் செல் இரட்டிக்கவே ஒரு நாளுக்கு மேலாகும். இரண்டு நாளுக்கொரு முறை மீடியம் மாற்றி ஆறாம் நாள் பாருங்கள். அவசரமென்றால் 24 மணியில் ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கும் டிஎஃப்எஃப்1 ஜீனின் ஆர்என்ஏவை கியூபிசிஆர் சோதனையில் அளக்கலாம்; எஸ்ட்ரடயால் அதை ஏற்றும், மருந்து இறக்கும்.

பொதிகை அடிவார மூலிகைச் சாற்றை இதே தட்டில் சோதிப்பவர்களுக்கும் ஒன்று. பாலிஃபீனால் நிறைந்த சாறு செல்லே இல்லாமல் எம்டிடி-யை ஊதாவாக்கும். சாறு மட்டும் உள்ள குழி கட்டாயம். சோயாவின் ஜெனிஸ்டீன் குறைந்த அளவில் எம்சிஎஃப்-7-ஐ வளர்க்கும், கூடிய அளவில் தடுக்கும். மி.லி.க்கு 100 மைக்ரோகிராமில் மட்டும் சோதித்துவிட்டுப் புற்றுநோயைத் தடுக்கிறது என்று எழுதினால், வைவாவில் முதல் கேள்வியே 1 மைக்ரோகிராமில் என்ன நடந்தது என்பதாகத்தான் இருக்கும்.